சாத்தான் லாந்தரின் உள்பக்கம்

அந்த ஆள் லாந்தரைக் கீழே வைப்பதாக இல்லை.

பத்து நிமிடம் போயிற்று... பதினைந்து... இருபதும் ஆகிவிட்டது. மே மாத மழை ஒஹையோவின் அந்தச் சந்தை மைதானத்தைச் சேறும் சகதியுமாக்கி வைத்திருந்தது. ஒழுகுகிற தார்ப்பாய்க்கடியில் கோரா ஒற்றைக் காலை மாற்றி மாற்றி நின்றாள். எதிரே நெடுநெடுவென்று ஒருவன். அவன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே, பூனை முகம் வைத்த காகிதக்கூழ் லாந்தர்!

ஜெர்மனியிலிருந்து வந்தது, இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. தூரத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணுக்கும் வாய்க்கும் பின்னால் ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய வண்ணத்தாள் கிழியாமல் இருந்தது. மெழுகுவத்தி ஏற்றி விளையாடிய குழந்தைகள் கையில் முதலில் எரிந்து போவதே அந்தத் தாள்தான். அது பிழைத்திருந்தால் லாந்தருக்கு மதிப்பு. போய்விட்டால் வெறும் ஓடு.

ஆனால் கேட்க முடியாதே! ஒருவர் கையில் இருக்கிற பொருளுக்கு அடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. அவர் கீழே வைத்த பிறகுதான் தொடலாம். ஹாலோவீன் என்கிற பேய்த் திருநாளின் பழைய சாமான் சேர்ப்பவர்களிடையே இது எழுதாத சட்டம். மீறினால் அடுத்த சந்தையில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

"என்னங்க... வாங்கப் போறீங்களா, இல்ல தாலாட்டப் போறீங்களா?" பொறுமை தீர்ந்து போய்க் கேட்டே விட்டாள்.

அவன் நிமிர்ந்தான். மழை நாளின் சாம்பல் நிறத்தில் கண்கள்... சிரிப்பு முதலில் அங்கேதான் வந்தது, உதட்டுக்கு அப்புறம்தான்.

"நான் வாங்க வரலைங்க. கடைக்காரம்மா காபி வாங்கப் போயிருக்காங்க. இது மேல சொட்டிக்கிட்டு இருந்துச்சு. நனையுதேன்னு கையில எடுத்தேன்."

"இருபது நிமிஷமா?!"

"நீங்க முறைச்சதுல கீழ வைக்கவே பயமா போச்சு."

கோராவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். அன்றைக்கு அந்தக் கோபம் எங்கே போயிற்றோ! சிரித்து விட்டாள். நனைந்த முடியும் சேறு அப்பிய பூட்ஸுமாக இப்படியா முதல் சந்திப்பு வாய்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு வெட்கம் வேறு.

அவன் பெயர் ஹாலிஸ். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். அவளை யாரென்று தெரிந்ததும் அவன் புருவம் உயர்ந்தது.

"கோரா டீட்ஸா? ஏலக்காரங்களுக்குச் சான்று எழுதுற கோராவா? எங்கம்மா உங்க கட்டுரையெல்லாம் வெட்டி வச்சிருக்காங்க. வீட்டுல ஒரு அறை முழுக்க இந்தச் சாமான்தாங்க. நான் சின்னப் பையனா இருந்தப்போ அந்த அறைக்குள்ள தும்மக்கூட விடமாட்டாங்க."

லாந்தரை அவள் கையில் வைத்தான். விரல் பட்டதா, படவில்லையா... அதை நினைத்துக் கொண்டே நாற்பது மைல் கார் ஓட்டி வீடு போய்ச் சேர்ந்தாள், முப்பத்து நாலு வயதுப் பெண்!

அடுத்த ஞாயிறு அவன் அம்மா மேவிஸைப் பார்க்கப் போனாள். அதற்கடுத்த ஞாயிறும் போனாள். பிறகு எண்ணுவதை விட்டு விட்டாள்.

மேவிஸுக்கு எழுபத்தொரு வயது. இதயம் சரியில்லை, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். நாற்பத்தைந்து வருடமாகச் சேர்த்ததை எல்லாம் தன் காலத்திலேயே ஏலத்துக்கு விட வேண்டும், பட்டியல் அட்டையில் 'மேவிஸ் ரூல் சேகரிப்பு' என்று தன் பெயரைக் கண்ணால் பார்க்க வேண்டும்... அவள் ஆசை அவ்வளவுதான். கோரா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துச் சான்று எழுதினாள். கைப்பிடிக் கம்பி துளைத்த இடத்தில் துரு வளையம் உண்டா, உள்ளே மெழுகுக் கரி படிந்திருக்கிறதா, மோந்து பார்த்தால் பழைய வாடை வருகிறதா என்று எல்லாம் பார்ப்பாள். கடைசியில் ஜன்னல் திரையை இழுத்து விட்டு புற ஊதா விளக்கை அடிப்பாள். பழைய காகிதம் இருட்டாகவே இருக்கும். இந்தக் காலத்துத் தாளாக இருந்தால் நீலவெள்ளையாகப் பளீரென்று காட்டிக் கொடுத்துவிடும்.

"அந்த விளக்கை என் மேல அடிச்சுடாத கண்ணு. என் பல்லெல்லாம் புதுசு!" என்பாள் மேவிஸ்.

"ஹாலிஸ் மேல அடிச்சுப் பார்க்கவா?"

"அவன் அசல்தான். வாரண்டிதான் கிடையாது."

"அம்மா!" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். பிசைந்த உருளைக்கிழங்கு மேல் கோழி நூடுல்ஸை ஊற்றிக் கொண்டு வந்து வைப்பான். கோராவின் தட்டில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மேவிஸ் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாள்.

கடைசி ஞாயிறு, கடைசிப் பொருள். சாத்தான் முகம். செக்கச் சிவந்த கன்னம், இரண்டு கொம்பு, கண்ணிலும் பல்லிலும் ஒரு கீறல் கூட இல்லாத தாள். அந்த வீட்டில் அதைவிட விலை உயர்ந்தது வேறொன்றுமில்லை. துரு சரியாக இருந்தது, கரியும் சரி. ஊதா விளக்கை எடுக்கக் கை நீட்டினாள் கோரா. அந்தக் கையை ஹாலிஸ் பிடித்துக் கொண்டான்.

"ஏலம் முடியட்டும் கோரா... உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இப்பவே கேளேன்..."

"இப்ப கேட்டா நீ சான்றை ஒழுங்கா எழுத மாட்ட."

உண்மைதான். அவள் ஒழுங்காக எழுதவில்லை. விளக்கு அடிக்காமலே 'அசல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதினோரு வருடத் தொழிலில் அப்படிச் செய்தது அந்த ஒரு தடவைதான்.

அக்டோபரில், ஏலத்துக்கு முந்தின வாரம், பொருள்களைப் பார்வைக்கு வைத்திருந்த நாள். மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். மேவிஸ் நீலக் கவுன் போட்டு, முன்வரிசையில் பட்டியலை மடியில் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தாள். அட்டையை வருடிக் கொண்டே இருந்தாள். அப்போதுதான் டர்வுட் வாயைத் திறந்தான். மூன்று தடவை அவன் பொருளைப் போலி என்று கோரா தள்ளியிருந்தாள், அந்த வியாபாரி. அவனுக்கு இத்தனை நாள் வயிற்றெரிச்சல்.

"மாமியார் வீட்டுச் சாமானாச்சே! இதுக்கெல்லாம் விளக்கு அடிப்பாங்களா என்ன?"

யாரோ சிரித்தார்கள். கோராவின் காது சிவந்தது. "அடிக்கிறேன். எந்தப் பொருளுக்கு அடிக்கணும், சொல்லுங்க."

"அந்தச் சாத்தானுக்கு."

மண்டபத்து விளக்கை அணைத்தார்கள். ஊதா ஒளி விழுந்தது. சாத்தானின் கண்களும் பல்லும் பளீரென்று நீலவெள்ளையாக எரிந்தன.

ஏமாற்றி விட்டார்களா? அந்த ஞாயிற்றுக்கிழமைகள், அந்தத் தட்டு, கையைப் பிடித்தது... எல்லாம் இதற்காகத்தானா? விளக்கை எடுக்கவிருந்த நேரத்தில்தானே கையைப் பிடித்தான்!

"அது அசல் தாள்" என்றாள் மேவிஸ், மெல்ல எழுந்து. "நான் மாத்தல. உள்பக்கமும் அடிச்சுப் பாரு கண்ணு."

"பாருங்கப்பா, பாருங்க. மாமியார் தொழில் சொல்லித் தர்றாங்க!" என்றான் டர்வுட்.

பத்து விநாடி வேலை. லாந்தரைக் கவிழ்த்து, அடியில் விளக்கைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். கோரா செய்யவில்லை. நாற்பது பேருக்கு நடுவில், சொல்லிக் கொடுத்துச் செய்கிறவளாக நிற்க அவளுக்கு மனசு வரவில்லை.

"என் விளக்கு பொய் சொல்லாது, மிஸஸ் ரூல். இது புதுத் தாள்."

ஹாலிஸ் பக்கத்தில் வந்தான். "ஒரே ஒரு நாள் டைம் கேளு கோரா. மறுபடி பார்க்கறேன்னு சொல்லு. அம்மா முகத்தைப் பாரு..."

அவள் பார்க்கவில்லை. எல்லாரும் பார்க்கத் தன் சான்றைக் கிழித்தாள்.

அப்புறம் என்ன? ஒன்று போலி என்றால் மற்றதை யார் நம்புவார்கள்? ஏலம் நின்றது. அச்சடித்த பட்டியல்கள் குப்பைக்குப் போயின. 'மேவிஸ் புதுத்தாள் ஒட்டி விற்கிறவள்' என்று சந்தைக்குச் சந்தை பேச்சு நடந்தது. கோராவின் பெயர் மட்டும் இன்னும் உயர்ந்தது. சொந்தமாகப் போகிற வீடென்று கூடப் பார்க்காதவள் என்று மெச்சினார்கள். அந்த மெச்சலை வாங்கிக் கொண்டாள், பாவி!

நவம்பரில் ஒரு மத்தியானம். அட்டையில் வெட்டிய ஆந்தைப் படம் ஒன்றை, துவைத்துப் பிழிந்த ஈரத்துணியால் லேசாகத் துடைத்தாள். தொண்ணூறு வருடத்துப் பழசு, அசலோ அசல். வழக்கம் போல ஊதா விளக்கை அடித்தாள்.

ஆந்தை பளீரென்று எரிந்தது.

திருப்பினாள். பின்பக்கம் இருட்டாக இருந்தது.

சோப்புத் தூள்! துணி வெள்ளையாகத் தெரிவதற்காக அதில் எதையோ கலக்கிறார்களே, அது துணியிலிருந்து காகிதத்தில் இறங்கியிருக்கிறது. துடைத்த பக்கம் மட்டும்தான் எரியும். உள்பக்கமும் அடிச்சுப் பாரு கண்ணு... கோரா தரையில் உட்கார்ந்து விட்டாள்.

அன்றைக்கே கடிதம் எழுதினாள். உறையில் போட்டு ஒட்டினாள். தபாலில் சேர்க்கவில்லை. இந்த ஒரு தப்பை ஒத்துக் கொண்டால், பதினோரு வருடமாகப் போட்ட ஒவ்வொரு கையெழுத்தையும் சந்தேகப்படுவார்களே! கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றாள். பனி விடட்டும் என்றாள். ஜனவரியில் டர்வுட் சேகரிப்பாளர் சங்கத் தலைவராகி விட்டான். இப்போது சொன்னால் சிரிப்பானே என்றாள். சாக்கு கிடைப்பது ரொம்ப எளிது. மார்ச் இரண்டாவது வாரம் சங்கத்தின் செய்தித்தாளில், கடைசிப் பக்க மூலையில், மேவிஸ் ரூல் காலமான செய்தி நாலு வரியில் வந்தது. சேகரிப்பாளர் என்று கூட அதில் போடவில்லை.

ஏப்ரலில்தான் அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஹாலிஸ் திறந்தான். இளைத்திருந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றான்.

"நான் தப்பு பண்ணிட்டேன் ஹாலிஸ். அந்தத் தாள் அசல். யாரோ ஈரத்துணியால துடைச்சிருக்காங்க. சோப்புத் தூளாலதான் அது..."

"யாரோ இல்ல. அம்மாதான். பார்வைக்கு வைக்கிறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் துடைச்சாங்க. 'பட்டியல்ல எம் பேருக்குக் கீழ கோரா பேரும் இருக்கு, அழுக்கா இருந்தா அந்தப் பொண்ணுக்குத்தானே கெட்ட பேரு'ன்னு சொல்லிச் சொல்லித் துடைச்சாங்க."

கோரா வாயைப் பொத்திக் கொண்டாள்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். போன வாரம் என்றால் முடிந்தது. அவன் நம்பியிருப்பான், அந்தக் கண்கள் நம்புவதற்காகவே காத்திருந்தன.

"நவம்பர்ல."

அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். டிசம்பர்... ஜனவரி... பிப்ரவரி... மூன்றாவது விரலோடு நிறுத்திக் கையை இறக்கிக் கொண்டான்.

"வேற யாரையாவது கூட்டிட்டு வந்து பார்க்கச் சொல்றேன்னு கெஞ்சினேன். வேண்டாம்னுட்டாங்க. 'அவ கெட்டிக்காரி, அவளே கண்டுபிடிச்சுருவா. கண்டுபிடிச்ச அன்னிக்கே ஓடி வருவா பாரு'ன்னாங்க. ஆஸ்பத்திரியிலயும் அதையேதான் சொன்னாங்க. அது மட்டும் உனக்குத் தெரியணும்."

"திருத்தம் எழுதிட்டேன். என் பேர் போட்டு, நான் பண்ணினது முழுசையும் எழுதி... அடுத்த இதழ்ல வருது. என் வேலை போயிடும். போகட்டும்." காகிதத்தை நீட்டினாள். "இன்னொண்ணும் சொல்லணும். சொல்ற தகுதி இல்ல, தெரியும். உன்னை நேசிக்கிறேன் ஹாலிஸ். அந்த மழையில முறைச்சேனே, அப்போலேருந்து..."

அவன் காகிதத்தை வாங்கி, கடைசி வரி வரை படித்தான். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை கார் சத்தம் கேட்டா அம்மா ஜன்னலைப் பார்ப்பாங்க. அவங்களுக்கு முந்தி நான் பார்த்திருப்பேன். குளிர்காலம் பூரா... ஒரு வாரம் விடாம. நான் உன்கிட்ட என்ன கேக்க இருந்தேன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்... இப்போ?"

"இப்பவும் ஆசை போகல. அதுதான் கஷ்டமா இருக்கு. உன்னை வெறுத்துட்டேன்னா 'உள்ள வா, ஒரு காபி சாப்பிட்டுப் போ'ன்னு மரியாதைக்காவது கூப்பிட்டிருப்பேன். என்னால முடியல கோரா. போயிடு."

அவள் படியிறங்கினாள். கார்க் கதவைத் திறக்கும்போது திரும்பிப் பார்த்தாள். அவன் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தான், அழுது கொண்டு. கூப்பிடுவானோ என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவன் கூப்பிடவில்லை.