ஆயிரத்து ஒன்பது பேருக்கு ஒரு போட்டோ

வீட்டில் அவளைச் சிடுமூஞ்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் இன்றைக்கு அவள் சிடுசிடுத்ததில் நியாயம் இருந்தது. பள்ளி மைதானத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. மொட்டை மாடியில் போட்டோகிராபர் கேமராவோடு காய்ந்துகொண்டிருந்தார். கீழே டிரில் மாஸ்டர் மறுபடியும் விசில் ஊதினார்.

பள்ளியில் மொத்தம் ஆயிரத்து ஒன்பது பிள்ளைகள். ஒரு வரிசையிலும் ஆள் குறையாமல், எல்லாம் சமமாக, கட்டம் போட்ட மாதிரி நிற்க வேண்டும் என்பது மாஸ்டரின் பிடிவாதம்.

பன்னிரண்டு பன்னிரண்டு பேராக நிறுத்தினார். ஒரு ஆள் மிஞ்சியது. பதினான்காக மாற்றினார். மறுபடியும் ஒரு ஆள். பதினாறு போட்டுப் பார்த்தும் அதே கதைதான். உயரப்படி நிறுத்தியதால், ஒவ்வொரு முறையும் மிஞ்சியது ஒன்றாம் வகுப்புக் குட்டி. சிடுமூஞ்சியின் தங்கை.

"குட்டி, நீ போய் கிளாஸ்ல உக்காரும்மா," என்றார் மாஸ்டர். "ஒரு ஆளுக்காக எல்லாரும் காய முடியுமா?"

குட்டியின் உதடு பிதுங்கியது. போட்டோவுக்காகவே விடியற்காலையில் எழுந்து தலைவாரிக்கொண்டவள் அவள்.

சிடுமூஞ்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வரிசையை விட்டு விடுவிடுவென்று முன்னால் போனாள்.

"சார், நீங்க தலைகீழா நின்னாலும் இது சமமா வராது."

"ஏன் வராது?"

"ஆயிரத்து ஒன்பது பகா எண் சார். எதால வகுத்தாலும் மிச்சம் வரும். நீங்க மாத்தி மாத்தி நிறுத்தின நேரத்துல நான் முப்பத்தொண்ணு வரைக்கும் வகுத்தே முடிச்சிட்டேன்."

"அப்ப வழியே இல்லையா?"

"ஒரே வரிசையா நின்னா வரும். வால் பஸ் ஸ்டாண்டுல இருக்கும்."

மாஸ்டர் முறைத்தார். "அதுக்குத்தான் ஒரு ஆளைக் கழிக்கச் சொல்றேன்."

"கழிக்கத்தான் வேணுமா சார்? கூட்டக் கூடாதா?"

கேட்டபிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. சுற்றிலும் பார்த்தாள். எதிரே மாஸ்டர். குடைக்குள் ஹெட்மிஸ். கேட்டருகே வாட்ச்மேன். அப்படியே குந்தி, மண்ணில் விரலால் எழுதினாள். ஆயிரத்துப் பன்னிரண்டு. பாதி ஐந்நூற்று ஆறு. அதில் பாதி இருநூற்று ஐம்பத்து மூன்று. அங்கே கொஞ்சம் முழித்தாள். பிறகு பதினொன்றால் வகுத்தாள். இருபத்து மூன்று முறை சரியாகப் போயிற்று. இரண்டு தடவை பாதியாக்கியதற்கு ஈடாகப் பதினொன்றையும் இருபத்து மூன்றையும் இரட்டித்தாள்.

"நீங்க மூணு பேரும் வந்து நில்லுங்க. வரிசைக்கு இருபத்திரண்டு பேர், நாப்பத்தாறு வரிசை. யாரும் மிஞ்ச மாட்டாங்க."

"நானுமா? நான் நின்னா உங்களை யாரு மேய்க்கறது?"

ஹெட்மிஸ் குடையை மடக்கினார். "வாங்க மாஸ்டர். எனக்கும் கால் கடுக்குது."

முன்வரிசையில் பத்தொன்பது பொடிசுகள். கூடவே வாட்ச்மேன், ஹெட்மிஸ், கடைசியாகக் குட்டிக்குப் பக்கத்தில் டிரில் மாஸ்டர். கட்டம் கச்சிதமாக நிறைந்தது.

போட்டோகிராபர் கையைத் தூக்கினார். மாஸ்டரோ, பின்வரிசைகள் கோணலாக இருக்கின்றனவா என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

குட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், ஆடாம நில்லுங்க. உங்க ஒரு ஆளுக்காக எல்லாரும் காயறோம்."