சிவக்காத கழுத்து

பொருநைப் புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு கொடுக்கும் கற்றை அறையின் ஈயக் கதவைக் கழற்றி ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. கதவு இருந்த இடத்தில் இப்போது நீலத் திரை ஒன்று தொங்கியது. உள்ளே கற்றைப்பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே செவிலியர்கள் திரையை விலக்கிக்கொண்டு போவார்கள், வருவார்கள். சிகிச்சைக்குப் படுத்திருக்கும் குழந்தையின் கையை அதன் தாய் பிடித்துக்கொண்டிருப்பாள். முன்பு அந்தக் குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத் தனியாகப் படுக்கவைக்க வேண்டியிருந்தது.

எல்லாம் கதிராற்றி செய்த வேலை. நீர்க்கரடி என்று கண்ணுக்குத் தெரியாத பிராணி ஒன்று உண்டு. கடுமையான கதிர்வீச்சையும் தாங்கும். அதன் மரபணு ஒன்றை மனித உடம்புக்கு ஏற்றபடி மாற்றி ஊசிமருந்தாக்கியிருந்தார்கள். கதிர்வீச்சு செல்லுக்குள் புகுந்து டி.என்.ஏ. என்ற மரபிழைகளை அறுத்துப்போடும். கதிராற்றி போட்டவர் உடம்பில் அறுந்த இழை ஒரு மணி நேரத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். வருடத்துக்கு ஓர் ஊசி. போட்டதை உடம்பிலிருந்து திரும்ப எடுக்க முடியாது. எடுக்க வேண்டிய தேவை வரும் என்று யாரும் நினைக்கவும் இல்லை. விமானத்தில் அடிக்கடி பறப்பவர்கள், சுரங்கத்தில் வேலை செய்பவர்கள், பிறகு, கடைசி இரண்டு மூன்று வருடங்களில், சும்மா பயந்தவர்கள் என்று ஊரே மருந்துக்கடையில் வரிசையில் நின்று போட்டுக்கொண்டது.

ஞானசௌந்தரி அந்த மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர். ஒருகாலத்தில் சுவரின் கனத்தை அளப்பதும், ஊழியர்கள் மேல் பட்ட கதிரின் அளவைக் காட்ட அவர்கள் சட்டையில் குத்தியிருக்கும் அளவுப்பட்டைகளைச் சோதிப்பதும் அவள் வேலை. இப்போது ஒரே வேலைதான்: ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் கதிராற்றி போட்டாயிற்றா என்று பார்ப்பது. அதையும் அவள் அரைகுறையாகச் செய்யவில்லை. ஊசிக்குப் பயந்து கிடங்கில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்த சமையல்காரரைக்கூடத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

கற்றைப்பொறியை இயக்கும் இசக்கியப்பனுக்குத் தொண்டையில் புற்று என்று தெரிந்தபோது யாரும் பெரிதாகக் கலங்கவில்லை. ஆரம்பக் கட்டம். முப்பத்துமூன்று நாள் கதிர் கொடுத்தால் கரைந்துவிடும். வெற்றிலையும் புகையிலையும் போட்டதற்கு இது தண்டனை என்று அவனே சொல்லிச் சிரித்தான்.

இருபத்தைந்தாம் நாள் முடிந்ததும் டாக்டர் ரஹ்மத் நிஷா சௌந்தரியின் அறைக்கு வந்தார்.

"கட்டி ஒரு கடுகளவுகூடக் குறையல. பொறி கம்மியா அடிக்குதோன்னு சந்தேகமா இருக்கு, மேடம்."

சௌந்தரி உடனே எழுந்து போய்ப் பொறியை நிறுத்தினாள். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். நிர்வாக இயக்குநர் வேதமாணிக்கம் மூச்சிரைக்க வந்தார்.

"நோயாளிகளுக்கு என்ன பதில் சொல்ல? சாயங்காலம் பாக்கலாம்லா?"

"சந்தேகத்தோட ஒருத்தர் மேலயும் கதிரை விடமாட்டேன், சார். பதிலை நானே சொல்லிக்கிடுதேன்."

அவளே வெளியே போய், ஒவ்வொருவரிடமும் காரணத்தைச் சொல்லி மறுநாள் வரச் சொன்னாள். பிறகு அறைக்குள் நீர்த்தொட்டியை உருட்டிவந்து, நோயாளி படுக்கும் இடத்தில் உடம்புக்குப் பதிலாக அதை வைத்து, அளவுமானியை விரல் விரலாக இறக்கி அளந்தாள். ஒவ்வொரு கோணமும், ஒவ்வொரு ஆழமும். சாயங்காலம் ஆனபோது இடுப்பு விட்டுப்போயிருந்தது. பொறியில் ஒரு குறையும் இல்லை. நூறு அலகு கேட்டால் நூறு அலகு கொடுத்தது.

தேநீர் குடிக்க உணவகத்துக்குப் போனாள். அங்கே இசக்கி உட்கார்ந்து மீன்குழம்பு ஊற்றிச் சோறு தின்றுகொண்டிருந்தான். காரத்தில் நெற்றி வியர்த்திருந்தது. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி விட்டிருந்தான்.

சௌந்தரி அப்படியே நின்றாள்.

தொண்டைக்குக் கதிர் எடுப்பவர்களை அவள் இருபத்தாறு வருடமாகப் பார்த்துவருகிறாள். மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகி மோர்கூட இறங்காது. கழுத்துத் தோல் முதலில் சிவந்து, பிறகு கறுத்து உரியும். இசக்கியின் கழுத்து அன்று சவரம் செய்த முகம் போலப் பளிச்சென்று இருந்தது.

"வாங்கக்கா, சாப்பிடுதீங்களா?"

"இசக்கி, உனக்குத் தொண்டை வலிக்கலையா?"

"ஒரு வலியும் இல்லக்கா. எல்லாம் கதிராற்றி புண்ணியம். டாக்டரும் அதத்தான் சொன்னாவ, தோலு தப்பிச்சுதுன்னு."

சௌந்தரி திரும்பி நடந்தாள். தோலை ஆற்றுகிற மருந்து கட்டியை மட்டும் ஆற்றாமல் விடுமா? புற்றுப் பிடித்த செல்லுக்குள் கதிராற்றி வேலை செய்யாது என்று அதைத் தயாரித்தவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை அவளே படித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள். எழுதிக் கொடுத்ததைச் சோதித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு கதவு வாங்கினால்கூட அளந்து பார்க்காமல் மாட்டவிடாதவள் அவள்.

மறுநாள் காலை டாக்டர் ரஹ்மத் நிஷா இசக்கியின் கட்டியிலிருந்து ஊசிமுனை அளவு சதையை எடுத்தார். கதிராற்றி போடாத இன்னொரு நோயாளியின் கட்டியிலிருந்தும் அவர் சம்மதத்தோடு அதேபோல் எடுத்தார். இரண்டையும் இரண்டு கண்ணாடித் தட்டுகளில் வைத்துக் கதிர் கொடுத்தார்கள். அறுந்த இழை இருக்கும் இடத்தில் பச்சையாக ஒளிரும் சாயம் ஒன்றை ஊற்றினார்கள். பத்தாவது நிமிடத்தில் இரண்டு தட்டும் வானம் முழுக்க நட்சத்திரம் இறைத்ததுபோல் மினுங்கின. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். ஒரு தட்டு அப்படியே மினுங்கியது. இசக்கியின் தட்டு இருண்டிருந்தது.

"கட்டியும் ஆறிக்கிடுது," என்றார் டாக்டர் மெதுவாக. "நாம தினமும் அடிக்கோம், அது தினமும் ஆறிக்கிடுது."

இசக்கியிடம் தானே சொல்வதாகச் சௌந்தரி சொன்னாள். மருத்துவமனைக்குப் பின்னால் வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"நீங்கதானக்கா போட வச்சீங்க."

"ஆமா. நான்தான் போட வச்சேன்."

"நீங்களும் போட்டிருக்கீங்கல்லா?"

"ஆறு ஊசி."

அவன் தலையாட்டினான். கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் அவன் முகத்தில் அலைந்தது.

"இனிமே என்ன வழி?"

"அறுவை. குரல்வளையை எடுத்துருவாங்க. உயிருக்குப் பயமில்லைன்னு டாக்டர் சொல்லுதாங்க. பேச்சு போயிரும். எந்திரம் வச்சுப் பேசலாம்."

"பொட்டப்புள்ளைக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். சபையில ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்து படுக்கட்டுமா?"

"டாக்டர்கிட்ட கேட்டாச்சு. பத்து நாள் பொறுக்கலாமாம். நல்லா பேசிட்டு வா."

அவன் எழுந்து போன பிறகு சௌந்தரி அதே பெஞ்சில் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிவிட்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

"இன்னையிலேர்ந்து இந்த ஆஸ்பத்திரியில கதிராற்றி கிடையாது, சார். ஈயக் கதவைத் திரும்ப மாட்டணும்."

வேதமாணிக்கம் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். "ஒரே ஒரு கேஸை வச்சு இவ்வளவு பெரிய முடிவா? பிள்ளைகளோட தாய்மார்களை வெளிய நிறுத்தப்போறீங்களா? அரசாங்கமே ஒத்துக்கிட்ட மருந்து, மேடம்."

"பழைய கோப்புகளையும் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன். ரெண்டு வருஷத்துல கதிருக்கு மசியாத கட்டி பதினோரு பேருக்கு வந்திருக்கு. நோயோட குணம்னு எழுதி மூடிட்டோம். பதினோரு பேர் வீட்டுக்கும் போன் போட்டேன். அத்தனை பேரும் ஊசி போட்டவங்க." கையிலிருந்த பட்டியலை மேசையில் வைத்தாள். "எடுத்துப் பேசினது மூணு பேர்தான். மத்தவங்களுக்குப் பதிலா வீட்டுக்காரங்க பேசினாங்க."

அவர் அறிக்கையை மூன்றாம் தடவை புரட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அது எளிதில் முடியவில்லை. கதிராற்றித் தயாரிப்பாளர்களின் வழக்கறிஞர் கடிதம் அனுப்பினார். ஊழியர்களில் சிலர், எங்கள் பாதுகாப்பைப் பறிக்கிறாள் என்று அவளுக்கு எதிராகவே கூட்டம் போட்டார்கள். அவள் அந்தக் கூட்டத்துக்குப் போய் இரண்டு தட்டுகளின் படத்தையும் சுவரில் ஒட்டினாள். கதிர்வீச்சுப் பாதுகாப்பை மேற்பார்க்கும் அரசு வாரியத்துக்கு ஏழு முறை எழுதினாள். பதில் வராதபோது நேரில் போய் வாசலில் உட்கார்ந்தாள். பழைய ஈயக் கதவை எப்போதோ உருக்கியிருந்தார்கள். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையைப் பிடித்துப் புதிதாக வார்க்கவைத்து, தானே மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அளந்து மாட்டவைத்தாள். இசக்கி தொண்டையில் பேச்செந்திரத்தோடு வேலைக்குத் திரும்பி, தகரக் குரலில், "கதவு சரியா மூடுதுக்கா," என்றான்.

ஐந்து மாதம் கழித்து வாரியத்தின் உத்தரவு வந்தது. எல்லாப் புற்றுநோய் மருத்துவமனைகளும் கதிர் கொடுக்கும் முன் நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்: கதிராற்றி போட்டிருக்கிறீர்களா? சௌந்தரி கேட்டது மருந்துக்கே தடை. கிடைத்தது ஒரு கேள்வி. இந்த மருத்துவமனையில் டாக்டர்கள் அதை முன்பே வாய்மொழியாகக் கேட்டுவந்தார்கள். கிடைத்ததை விடக் கூடாது என்று அன்று காலையே படிவங்களோடு, புது நோயாளிகளின் காத்திருப்புக் கூடத்துக்கு வந்தாள்.

"உங்கள்ல கதிராற்றி போட்டவங்க யாரெல்லாம்?"

கூடத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஒரு நொடி தயக்கம். பிறகு கைகள் எழுந்தன. முன்வரிசையில் மூன்று, நடுவில் ஆறேழு, கடைசியில் ஒரு கூட்டமே. சரியான விடை தெரிந்த வகுப்பைப்போல எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. கை தூக்காதவர்கள் ஏதோ குற்றம் செய்ததுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் எழுந்து, "எனக்கு ஊசின்னா கொஞ்சம் பயம்மா, இன்னைக்கே வேணும்னாலும் போட்டுருதேன்," என்றார்.

"வேண்டாம், ஐயா," என்றாள் சௌந்தரி. "நீங்க உக்காருங்க."

முன்வரிசையில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர். மார்பில் கட்டி. பையிலிருந்து ஊசி அட்டையை எடுத்து நீட்டினார். உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்.

"ஒரு வருஷம்கூட விட்டதில்லம்மா. பேரப்பிள்ளைகளுக்கும் நானே கூட்டிட்டுப் போய்ப் போட்டுட்டேன்."

சௌந்தரி அட்டையை வாங்கிப் பார்த்தாள். எல்லாக் கட்டத்திலும் முத்திரை இருந்தது. ஒரு நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டு உட்கார்ந்து, படிவத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"டீச்சர், பேரப்பிள்ளைங்க எத்தனை பேரு?" என்று கேட்டாள்.