போர்வையை விட்டுப் போன திருடன்

காலை பத்து மணி. மலை நகரமான பொகோட்டாவில் குளிர்த் தூறல். பெட்டி காலி!

குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி அது. அதற்குள் இருந்த பெண் குழந்தை ஒன்றரைக் கிலோகூட இல்லை. இந்தக் குளிரில் அது எவ்வளவு நேரம் தாங்கும்? தலைமை நர்ஸ் எதுவீகிஸ் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரி வாசலை இழுத்துச் சாத்தினார்கள்.

இன்ஸ்பெக்டர் குபீயோஸ் நனைந்துகொண்டே வந்தார். காலைச் சாப்பாடு தவறிய எரிச்சல் வேறு. தலையிலிருந்த தொப்பியை அவர் கழற்றவில்லை. எவருக்கும் கழற்றுகிற ஆளும் இல்லை.

"அம்மாக்காரி மிரேயாதான் சார்! வேற யாரு?" என்றாள் எதுவீகிஸ். "காய்ச்சல்னு அவளைப் பிள்ளைகிட்ட விடல. நேத்து பூரா 'நெஞ்சோட வெச்சுக்கிறேன், குடுங்க'ன்னு ஒரே அழுகை."

"நெஞ்சோடயா?"

"இங்க இப்ப அதான் வைத்தியம். சட்டையில்லாம, வெறும் நெஞ்சுல நிமித்தி வெச்சுக் கட்டிடுவோம். அம்மா சூட்டுலயே பிள்ளை தேறிடும். ஆம்பளைங்களுக்கு அனுமதி கிடையாது. கண்ணாடிகிட்ட வந்தாலே விரட்டிடுவேன்!"

மிரேயாவின் கட்டிலைச் சோதித்தார்கள். ஒன்றுமில்லை. அவள் உடம்பு அனலாய்க் கொதித்தது.

"எந்திரிக்கவே முடியல, நானா தூக்குவேன்? எம்பிள்ளையக் கண்டுபிடிங்க சார். அப்புறம் என்னை ஜெயில்லகூடப் போடுங்க."

பாவம், குபீயோஸே அவள் போர்வையை இழுத்துச் சரியாகப் போர்த்திவிட்டார்.

தாழ்வாரத்து பெஞ்சில் உறவுக்காரர்கள் கம்பளி ருவானாவைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் மிரேயாவின் கணவர் அபெலார்தோ. பக்கத்தில் சாக்லேட் பானக் கோப்பை, அந்த ஊர் வழக்கப்படி போட்ட சீஸ் உருகி, தொடாமல் இருந்தது. பெரிய டாக்டர் வேகமாகக் கடந்து போனார். பெஞ்சே எழுந்து தொப்பியைக் கையில் எடுத்தது. அபெலார்தோ மட்டும் அசையவில்லை.

"பாத்தீங்களா திமிர!" என்றாள் எதுவீகிஸ். "பொண்டாட்டி அழுவுறா, பெரிய டாக்டர் வர்றாரு, இவரு கல்லு மாதிரி உக்காந்திருக்காரு!"

"சும்மா சொல்லாதீங்கம்மா," என்றான் காவலாளி. "இவரு பொயாக்கா மலைக்காரரு, அவங்க அப்படியில்ல. தினம் எனக்கே தொப்பிய எடுத்துட்டுத்தான் 'அய்யா'ம்பாரு."

குபீயோஸ் பெட்டிக்குத் திரும்பினார். விளக்கு எரிந்தது. உள்ளே போர்வை இருந்தது, குட்டிச் சட்டை இருந்தது. குல்லாவும் காலுறையும் இல்லை. குளிரில் விறைத்த கையை மெத்தையில் வைத்தார். மெத்தையும் சில்லென்றிருந்தது.

"நர்சம்மா, என்கூட வாங்க."

நேராகத் தாழ்வாரத்துக்கு நடந்தார்.

"விக்கத் திருடினவன்னா இந்தக் குளிர்ல முதல்ல போர்வையத்தான் சுத்துவான். நம்ம ஆளு போர்வைய விட்டுட்டாரு, சட்டையையும் கழட்டிட்டாரு. தோலோட தோலா வெச்சுக்கறவருக்கு அது எதுக்கு? தலைக்குக் குல்லா, காலுக்கு உறை, போதும். அம்மாகிட்ட பிள்ளை இல்ல. அப்போ யாருகிட்ட?"

அபெலார்தோவின் முன் நின்றார்.

"தொப்பிய எடுக்கக் கை வேணும். உங்க ரெண்டு கையும் உள்ள வேலையா இருக்கு. இல்லீங்களா?"

அபெலார்தோவின் கண் கலங்கியது. "பிடுங்கிடாதீங்க அய்யா. அந்தப் பெட்டிக்கு விளக்குதான் எரியுது, சூடு வரல. கண்ணாடி வழியாப் பாத்தேன், உதடு நீலமாயிட்டது. கதவைத் தட்டினேன், நர்சம்மா விரட்டிட்டாங்க. அவங்க நகர்ந்ததும் உள்ள போய்த் தூக்கிட்டேன். சொன்னா திரும்ப அதுலயே போட்டுடுவீங்கன்னு பயந்துட்டேன்."

ருவானா விலகியது. குல்லா போட்ட ஒரு குட்டித் தலை, அவர் கழுத்தடியில். எதுவீகிஸ் தெர்மாமீட்டரைக் குழந்தையின் அக்குளில் வைத்தாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"முப்பத்தாறு புள்ளி எட்டு! சார், பெட்டியில ஒருநாள்கூட இவ்வளவு வந்ததில்ல!"

தாழ்வாரமே கைதட்டியது. சத்தம் கேட்டுப் பெரிய டாக்டர் ஓடிவந்தார். பழக்கதோஷம், அபெலார்தோ எழப் பார்த்தார். குபீயோஸ் அவர் தோளை அழுத்தினார்.

"நீங்க உக்காருங்க. நாங்க நிக்கிறோம்."

சொல்லிவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றினார்.

மிரேயாவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்தார்கள். எதுவீகிஸ் கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள், ஆறிப்போயிருந்தது. ஓடிப்போய்ச் சுடச்சுட வேறு சாக்லேட் கொண்டுவந்து, அபெலார்தோவின் கை ஒழியாததால், தானே அவர் வாயருகே பிடித்தாள்.