எழுபத்திரண்டு

போனில் மூன்று முறை கேட்டபோதும் நோயாளியின் மனைவி சுடலைமாடத்தி ஒரே எண்ணைத்தான் சொன்னாள். திங்கட்கிழமை காலையில் எழுபத்திரண்டு. புதன்கிழமை மத்தியானம் எழுபத்திரண்டு. இன்று வெள்ளிக்கிழமை, ஷெர்லி வண்டியைக் கிளப்புவதற்கு முன் கூப்பிட்டபோதும் அதேதான்.

"எழுபத்திரண்டுதான் ஓடுது தாயி. அவியளுக்கு ஒரு குறையும் இல்ல."

மனுஷனுக்கு நாடித்துடிப்பு இருமினால் ஏறும், தூங்கினால் இறங்கும். ஐந்து நாள் ஒரே எண்ணில் நிற்காது. தூத்துக்குடியில் மருத்துவக் கருவிகள் விற்கும் கம்பெனி ஒன்றில் ஆறு வருஷமாகப் பழுது பார்க்கிறவள் ஷெர்லி. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

இன்னொன்றும் தெரியும். அந்த வீட்டில் அவள் மாட்டிக் கொடுத்த ரக மானிட்டர்களை உடனே திரும்பப் பெறும்படி தயாரிப்பாளரிடமிருந்து கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. நோயாளியின் துடிப்பு நின்றால் மானிட்டர் அலாரம் அடிக்க வேண்டும். இவை அடிப்பதில்லை, கடைசியாகப் பிடித்த எண்ணையே ஓட்டிக்கொண்டிருக்கின்றன. "மாத்திக் குடுக்கப் புது மெஷின் வரட்டும். இப்பவே சொன்னா ஊரெல்லாம் பீதி கிளம்பும்" என்றார் மேனேஜர் ஜாபேஸ். அவளும் தலையாட்டினாள். புது மெஷின்கள் நேற்றுத்தான் வந்திறங்கின. இன்று ஆஸ்பத்திரிகளை முடித்துவிட்டாள். பாக்கி இருந்தது இந்த ஒரு வீடு.

கீழவைப்பார் போகிற சாலையிலிருந்து பிரிந்த மண்பாதை உப்பளங்களுக்கு நடுவே நீண்டு போனது. நான்கு மணி வெயில் பாத்திகளில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. வண்டியை நிறுத்தி இறங்கியதும் கருவாட்டு வாடை வந்தது. சுற்றிப் பார்த்தாள். எங்கும் மீன் காயவில்லை. வலையில்லை, படகில்லை, கடலே ஒரு மைலுக்கு அப்பால். வாடை அடைத்துச் சாத்திய அந்த வீட்டுக்குள்ளிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தவன் மகன் செல்லப்பாண்டி. நாற்பது வயதிருக்கும். உப்பளத்தில் வேலை, முழங்கால்வரை வெள்ளை பூத்திருந்தது.

"மெஷின எடுக்கத்தான வந்திருக்க?"

"மாத்தித் தாறேன் அண்ணாச்சி. புதுசு கொண்டாந்திருக்கேன்."

"ஓடுற மெஷின எதுக்கு மாத்தணும்?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனான். அவளும் போனாள். பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாத்தியது யார் என்று திரும்பிப் பார்த்தால் சுடலைமாடத்தி. நெற்றியில் அகலமான குங்குமம், தலை நிறையப் பிச்சிப்பூ. மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள்போல உடுத்தியிருந்தாள்.

நடுவீட்டில் சாம்பிராணிப் புகை இடுப்பளவுக்குத் தேங்கி நின்றது. ஜன்னல் இடுக்குகளில் துணி திணித்திருந்தார்கள். புகைக்குள்ளிருந்து டிக், டிக், டிக் என்று அந்தச் சத்தம், சற்றும் பிசகாமல். பச்சைக் கோடு ஒரே மாதிரி மேடேறி இறங்கியது. பக்கத்தில் எண். கட்டிலைச் சுற்றியும் கட்டிலுக்கு அடியிலும் மெத்தையின் மேலும் கல்லுப்பு குவிந்திருந்தது. உப்புக்கு நடுவே, கழுத்துவரை போர்த்தி, நல்லக்கண்ணு படுத்திருந்தார். இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். மெஷினை மாட்டிக் கொடுத்த அன்று ஷெர்லியிடம் சிரித்துப் பேசியவர்.

"இந்த உப்பு எதுக்கும்மா?"

"படுத்தே கிடந்தா உடம்பு புண்ணாயிரும்லா. ஈரத்த இழுக்கணும். ஞாயித்துக்கிழமையிலிருந்து சோறுதான் இறங்க மாட்டேங்கு. மத்தபடி நல்லா இருக்காவ."

ஷெர்லி கட்டிலருகே குனிந்தாள். கன்னம் உள்வாங்கி, தோல் பழுப்பேறி எலும்போடு ஒட்டியிருந்தது. இமைகளின் ஓரத்தில் உப்பு படிந்திருந்தது. கிளிப் மாட்டிய விரலைத் தொட்டாள். விறகைத் தொட்டதுபோல இருந்தது.

அவள் நிமிர்ந்தாள்.

"அம்மா, இவிய இறந்துட்டாவ."

டிக், டிக், டிக்.

"நீதான சொன்ன" என்றாள் சுடலைமாடத்தி நிதானமாக. "இதுல அலாரம் அடிக்காத வரைக்கும் பயப்படாதீய, அவிய உசுரோட இருக்காவன்னு. நீதான மாட்டிட்டுப் போன. இது இன்னைக்கு வரைக்கும் அடிக்கல."

"மெஷின்ல கோளாறும்மா. பாருங்க." கிளிப்பைக் கழற்றினாள். காற்றில் பிடித்துக் காட்டினாள். கோடு மேடேறி இறங்கியது. எழுபத்திரண்டு. "கையில மாட்டாமலே ஓடுது. பொய் சொல்லுது."

செல்லப்பாண்டி பக்கத்தில் வந்தான். அவள் கையிலிருந்த பையைப் பிடுங்கி, மேலாக இருந்த கடிதத்தை எடுத்தான். விரல் வைத்து மெதுவாகப் படித்தான். விரல் தேதியில் வந்து நின்றது.

"இது தெரிஞ்சு எத்தன நாளாவுது?"

அவள் கடிதத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள்.

"எங்கம்மா மூணு தடவ போன்ல பேசுனா. ஒரு தடவகூட நீ சொல்லலியே."

"சொல்லியிருக்கணும் அண்ணாச்சி. தப்புதான்."

"சொல்லியிருந்தா தூக்கிட்டு ஓடியிருப்பமே." அவன் குரல் உயரவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "சரி. பொய் சொல்லுதுன்னு சொல்லுதியே. உன் கையில மாட்டு. என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

மாட்டாமல் வெளியே போக முடியாது என்பது அவன் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அவள் இதயம் காதுக்குள் அடித்தது. நூற்றிருபதாவது இருக்கும். மாட்டிக் காட்டிவிட்டால், பழைய எண் நின்றாலும் புது எண் வந்தாலும், எப்படியோ விளக்கிவிடலாம். ஆள்காட்டி விரலில் கிளிப்பை மாட்டினாள்.

டிக் சத்தம் நின்றது.

எண் அழிந்தது. பச்சைக் கோடு ஒருமுறை நடுங்கி நேராகப் படுத்துக்கொண்டது. பிறகு, அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக, மெஷின் அலாரம் அடித்தது.

நீளமாக. விடாமல்.

சுடலைமாடத்தி திரையைப் பார்த்தாள். ஷெர்லியைப் பார்த்தாள். அந்த அம்மாவின் முகத்தில் கோபம் போய், இழவு வீட்டுக்குள் நுழைகிறவளின் துக்கம் வந்தது.

"ஏளா," என்றாள். "நீ எப்ப செத்த?"

"அம்மா, நான் பேசிட்டிருக்கேன். பாருங்க."

"சின்ன வயசு. என்ன கொடுமை."

ஷெர்லி கிளிப்பை இழுத்தாள். வரவில்லை. வாசலை நோக்கித் திரும்பினாள். செல்லப்பாண்டி அவள் தோள்களைப் பிடித்து, பிணத்தைத் தூக்குகிறவனின் பக்குவத்தோடு, நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தான். கால்களைச் சேர்த்தான். பெருவிரல்கள் இரண்டையும் கயிற்றால் கட்டினான். அவள் கத்தினாள். யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. செத்தவர்களைப் பார்ப்பதுபோல, நெற்றியையும் பாதத்தையும் மட்டும் பார்த்தார்கள்.

இடது கையால் தன் மணிக்கட்டைப் பிடித்தாள். துடிப்பைத் தேடினாள். அழுத்தினாள். இடம் மாற்றினாள். மறுபடி அழுத்தினாள்.

இல்லை.

காதுக்குள் அடித்ததும் இப்போது இல்லை.

சுடலைமாடத்தி பெட்டியிலிருந்த வெள்ளை வேட்டியின் ஓரத்தைக் கிழித்து எடுத்து வந்தாள். இறந்தவர்களின் வாய் திறந்துகொள்ளாமல் தாடையைச் சேர்த்துக் கட்டும் அகலத்துக்கு. ஷெர்லியின் தாடைக்கடியில் துணியைக் கொடுத்து மேலே இழுத்தாள். கத்தல் பல்லுக்குள் நின்றது.

"ஒத்தையில முடிச்சுப் போட முடியலியே" என்று முனகினாள். பிறகு, மகனைப் பார்க்காமல், கட்டில் பக்கம் திரும்பி, தினமும் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"ஏங்க. இத ஒரு கை பிடிங்களேன்."

நாற்காலிக்குப் பின்னால் உப்பு சரிந்தது. கட்டில் ஒருமுறை முனகியது. தரையில் சிதறிய கற்களை மெதுவாக நொறுக்கிக்கொண்டு இரண்டு பாதங்கள் வந்து நின்றன. காய்ந்த விரல்கள் ஷெர்லியின் காதை உரசிக்கொண்டு துணியின் மறுமுனையைப் பிடித்தன.

இறுக்கி இழுத்தன.