சூட்டுப் பாறை

பால் பொங்கி வழிந்தபோதுதான் அழகமுத்து கவனித்தான். புது வீட்டின் பின்கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. வெளியே போக இருக்கிற ஒரே கதவு அதுதான்.

சுவர் அவன் கட்டியது. கதவு மாட்டியது பெல்மதுளையிலிருந்து வந்த தச்சு பாஸ். ஓப்பநாயக்க ஊருக்கு மேலே, தேயிலையைப் பிடுங்கிப்போட்ட ஏழாம் நம்பர் மலையில் தோட்டத்து மனேஜர் துரை தொடங்கிய வனவிலங்குப் பாதுகாப்பு நிலையத்துக்குள் இருந்தது வீடு. எட்டு மாதக் கொத்து வேலை. அங்கே 'கூண்டு' என்று யாரும் சொல்லக்கூடாது. 'வாழிடம்' என்று சொல்ல வேண்டும். கொழும்பில் மூன்று நாள் கருத்தரங்கில் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டு, துரை கற்றுவந்த சொல். "காட்டுல அழிஞ்சாலும் இங்க ஒரு சோடி மிஞ்சும்" என்று மேடை இல்லாத இடத்திலும் மேடைக் குரலில் சொல்வார்.

அடைபட்டிருப்பது மிருகத்துக்குத் தெரியக்கூடாதாம். அதனால் கம்பிக்குப் பதில் ஆழப் பள்ளமும் தடித்த கண்ணாடியும். கண்ணாடி ஓரம் ஒரு பாறை. அதற்குள் பழைய ஃபெக்டரி பொயிலரிலிருந்து வெந்நீர்க் குழாய். குளிருக்குச் சிறுத்தை தானாக வந்து சூட்டில் உட்காரும், வருகிறவர்கள் முகம் பார்க்கலாம். இந்தப் பக்கத்துச் சிறுத்தை, தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து நாயைத் தூக்கிப் பழகியது என்பதால், அதன் மனம் வாடாதிருக்க பின்சுவரை ஒட்டி இரண்டு காம்பரா அறைகளோடு லயம் ஒன்று. மனுஷர் லயத்துக்கு முப்பது வருஷமாகத் தகரம் மாற்றாத நிர்வாகம், சிறுத்தை லயத்துக்குப் புது ஓடு போட்டது.

சண்டை ஓய்ந்து வெள்ளைக்காரர் பஸ் பஸ்ஸாக வரத் தொடங்கிய 2003. பஸ் வந்தது, சிறுத்தை வரவில்லை. அனுமதி எந்த மேசையிலோ தூங்கியது.

"அது வர்ற வரைக்கும் இந்த லயத்துல நீங்க குடியிருங்க மாப்ள. அப்புறம் றோட்டோரமா ஏழு பேர்ச் காணி, உங்க பேர்லயே உறுதிப் பத்திரம். துரைகிட்ட நான் பேசிட்டேன்" என்றான் கஜேந்திரன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, அழகமுத்துவின் மனைவி ஜெயம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். சொந்த விலாசம் என்ற அந்த ஒன்றுக்காக அழகமுத்து பழைய காம்பராவின் சாவியை நேற்றே ஒப்படைத்துவிட்டான். இந்நேரம் அங்கே வேறு குடும்பம் உலை வைத்திருக்கும்.

"மச்சான், தாழ்ப்பாள் வெளிப்பக்கம்ல இருக்கு?"

"பிளான்ல அப்படித்தான். நாளைக்கு மாத்திக்கலாம்."

கஜேந்திரன் பாலை நின்றபடியே குடித்தான். தங்கச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் போனபின் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

நாலு மணிக்கு மூடுபனி இறங்கியது. ஈரச் சிமெந்து வாடையும், எங்கோ விறகு எரிகிற புகையும், பள்ளத்துத் தேங்கிய தண்ணியில் சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தமும் சேர்ந்து முற்றத்தைச் சின்னதாக்கிக்கொண்டே வந்தன. எதிரே இருந்த கண்ணாடி, பனி படர்ந்து, சுவர் மாதிரி வெளுத்துப்போனது.

"என்னங்க, இங்க வாங்களேன்." ஜெயம்மா பாறையில் உட்கார்ந்திருந்தாள். "என்னா இதமா இருக்கு!"

அவன் பாறையைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது.

பொயிலரை யார் மூட்டியது? எதற்கு?

சிறுத்தை வந்துவிட்டது. சொல்லாமல் கொண்டுவந்துவிட்டார்கள்.

"எந்திரி ஜெயம்மா! உள்ள போ!"

சிறுத்தை தங்கி இரை தின்ன வீட்டை ஒட்டிக் கட்டியிருந்த குகையறையின் தூக்குக் கதவு, கரகரவென்று உயர்ந்தது. வெளியிலிருந்து கம்பி இழுத்துத் திறக்கிற கதவு. அந்தக் கம்பிக்குக் கிரீஸ் போட்டவனே அவன்தான். திறந்த வாயையே பார்த்து நின்றான். எதுவும் வரவில்லை. உறுமலில்லை. குனிந்து பார்த்தான்.

மிருகமில்லை. வைக்கோலில்லை. தரையில் இரண்டு தட்டு ரொட்டி, சம்பல். இரண்டு கோப்பை தேத்தண்ணி. ஆவி பறந்தது.

பின்கதவுக்கு ஓடினான். தள்ளினான். அசையவில்லை.

"மச்சான்! தொறங்க மச்சான்!"

கதவுக்கு அந்தப்பக்கம் மூச்சு கேட்டது. பழகிய பீடி வாடை.

"சாப்பாடு நேரத்துக்கு வந்துரும் மாப்ள" என்றான் கஜேந்திரன், சின்னக் குரலில். "தங்கச்சிய பார்த்துக்கங்க."

செருப்புச் சத்தம் போய்விட்டது.

அப்போது தகரம் அடித்தது.

விடியக்காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கிற பெரட்டுத் தகரம். மிருகத்தை முன்னால் வரவழைக்க என்ன வழி என்று துரை ஒருநாள் கேட்டபோது, சிரித்துக்கொண்டே அவன்தான் சொன்னான்: "எங்க பெரட்டுத் தகரத்த அடிங்க துரை. காதுல விழுந்தா காலு தானா நடக்கும்."

அவன் கால் தானாகக் கண்ணாடிப் பக்கம் நடந்தது.

கண்ணாடியில் பனியை யாரோ வெளியிலிருந்து துடைத்தார்கள். தொப்பிகள். கேமராக்கள். நடுவில் துரை, கை நீட்டியபடி. சாக்குச் சுற்றியபடியே போன வாரம் அவன் நட்டுக்கொடுத்த அறிவிப்புப் பலகையில் இன்று சாக்கில்லை. எழுத்து அவர்கள் பக்கம். வாசித்தார்கள். ஜெயம்மாவைப் பார்த்தார்கள். மறுபடி வாசித்தார்கள். அவனைப் பார்த்தார்கள்.

ஜெயம்மா எழுந்திருக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டாள்.

சிறுத்தை நீட்டிப் படுக்க என்று அவன் அளந்து போட்ட பாறை. இரண்டு பேர் உட்காரச் சரியாக இருந்தது.