மாறாத ஒரு வரி

காலை பத்து மணிக்குள் பவுலின் மச்சாது எண்ணூறு வீடுகளில் மாப்பிள்ளையை மாற்றிவிட்டாள்.

கல்யாணப் பத்திரிகை முந்தின நாளே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது. மணமகன் இருக்க வேண்டிய இடத்தில், போன மாதம் அவள் வடிவமைத்த வேறொரு பத்திரிகையின் மாப்பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பெண்ணின் தாய்மாமன் தொலைபேசியில் கத்திக்கொண்டிருக்கும்போதே பவுலின் திரையில் விரலை ஒரு இழு இழுத்தாள். தூத்துக்குடி முழுக்க எண்ணூறு தாள்களில் மையின் நுண்மணிகள் கலைந்து, நகர்ந்து, சரியான முகமாக அடுக்கிக்கொண்டன.

"இப்பம் பாருங்கண்ணாச்சி. உங்க வீட்டு மாப்பிள்ளைதான?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு குரல் குழைந்து வந்தது. "அவருதாம்மா. மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதாப் போட முடியுமா?"

மாறுமை வந்து இருபது வருடம் ஆகிவிட்டது. அச்சான பிறகும் சொன்னபடி கேட்கும் மை. பதாகை, மருந்துச் சீட்டு, பள்ளிப் புத்தகம், மிட்டாய்ப் பெட்டி எல்லாம் அதில்தான். அதற்கு முந்தைய வடிவமைப்பாளர்கள் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருப்பார்களாம். மாதிரித் தாள் எடுத்து, தலைகீழாகப் பிடித்து, நாலு பேரிடம் காட்டி, அப்புறமும் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் அச்சுக்கு விடுவார்களாம். பவுலினுக்கு இதைக் கேட்டால் சிரிப்புதான் வரும். பத்தொன்பது வருட வேலையில் அவளுக்கு ஒரு நாள்கூட அந்தப் பயம் வந்ததில்லை.

ஆனால் அந்தப் பத்தொன்பது வருடத்தில் 'இது நான் செய்தது' என்று கை நீட்டிக் காட்டவும் அவளுக்கு ஒன்றும் இல்லை. ஆசை ஆசையாகச் செய்த ஜவுளிக்கடைப் பலகையை முதலாளி மாற்றினார், முதலாளியின் மச்சினன் மாற்றினார், கடைசியில் மச்சினனின் மகள் பள்ளி விடுமுறையில் வந்து ஊதா நிறமாக்கிவிட்டுப் போனாள். திருத்த முடியும் என்று தெரிந்த பிறகு யார்தான் சும்மா இருப்பார்கள்?

அதனால்தான் அலைச்சுவர் வேலை வந்தபோது அவள் அன்றைக்குச் சாப்பிடக்கூட மறந்துபோனாள்.

கடல் ஊருக்குள் வராமல் தடுக்கப் பதினோரு வருடமாகக் கட்டிய சுவர் அது. அதில் கல்வெட்டு வைக்க வேண்டும், அதுவும் மாறுமையில் இல்லாமல். கடலரண் வாரியத் தலைவர் கருணைவேலுக்கு மாறுமை என்றாலே கசப்பு. அவருக்கு முன்னால் இருந்தவர்களின் பெயர்களை எல்லாத் திறப்புவிழாப் பலகைகளிலிருந்தும் ஒரே காலையில் எடுத்தவர் அவர். தனக்குப் பின்னால் வருபவர் என்ன செய்வார் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

"கல்லை உருக்கி எழுதுத சுடரெழுதியால சுட்டுருங்க. ஒரு சாண் ஆழம்," என்று அவளிடம் சொன்னார். "எவன் வந்தாலும் அழிக்கக் கூடாது, மூடக் கூடாது, மேல பூசக் கூடாது. மீறினா சிறைனு வாரியத்துல தீர்மானமே போட்டாச்சு."

பவுலின் இரண்டு மாதம் உழைத்தாள். 'இந்தச் சுவரை எழுப்பியவர்' என்று மேலே ஒரு வரி. கீழே ஆள் உயர எழுத்தில் அவர் பெயர். அவ்வளவுதான் வாசகம். ஆனால் அந்த எழுத்துகளின் வளைவை அவள் அலையின் வளைவிலிருந்து எடுத்திருந்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கே நெஞ்சு நிறைந்தது.

பெயர்தான் நிலைகொள்ளவில்லை. முதலில் டாக்டர் பட்டத்தோடு வேண்டும் என்றார். பிறகு பட்டம் வேண்டாம், அப்பா பெயர் சேரட்டும் என்றார். பிறகு 'கடல் காத்த செம்மல்' என்று முன்னால் போடச் சொன்னார். பதினான்கு முறை மாறியது. சுடும் நாள் காலையில் மறுபடி அழைத்தார்.

"பேரை இப்பம் போடாதீங்கம்மா. மதியத்துக்குள்ள முடிவாச் சொல்லுதேன்."

இடம் காலியாக இருந்தால் அளவு தெரியாதே என்று பவுலின் அங்கே 'பெயர் இங்கே' என்று அதே எழுத்தில், அதே உயரத்தில் போட்டு வைத்தாள். மதியம் பெயர் வந்தது, அதையும் போட்டாள். கணினியில் இப்போது 'இறுதி', 'இறுதியின் இறுதி', 'இதுதான் இறுதி' என்று மூன்று கோப்புகள் இருந்தன. ஒன்றைத் தலைவருக்கு அனுப்பினாள். திறந்துகூடப் பார்க்காமல் 'சம்மதம்' என்று பதில் போட்டார். அதே கோப்பு சுடரெழுதிக்குப் போனது.

இயந்திரத்தை ஓட்டும் இசக்கியப்பன் மட்டும் பித்தானை அழுத்தாமல் நின்றான்.

"எக்கா, ஒருக்கா பாத்துட்டீங்களா? இது மாறுமை இல்லக்கா."

"பத்தொம்பது வருசம் ஆச்சு தம்பி. நீ அழுத்து."

சுடரெழுதி ஒரு பெரிய கூண்டு. சுவரோடு ஒட்டிக்கொண்டு தன் வேலையை மறைத்தபடி நகரும். நான்கு மணிக்கு அது விலகியது. கல் உருகிய வாசனை போவதற்குள் பவுலின் படித்துவிட்டாள்.

இந்தச் சுவரை எழுப்பியவர்
பெயர் இங்கே

அவள் கை தானாகத் திரைக்குப் போய் விரலை இழுத்தது. இன்னொரு முறை இழுத்தது. சுவர் அப்படியே நின்றது. அனுப்பிய கோப்பை அப்போதுதான் திறந்தாள்; அதிலும் அதே இரண்டு வரிகள்தான். இதுதானா பழைய வடிவமைப்பாளர்களின் அந்தப் பயம் என்று நினைத்தாள். அந்தக் காலத்தில் கோப்பைப் பார்த்தது கண் இல்லை, இந்தப் பயம்தான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. பயம் போனபோது பார்ப்பதும் போய்விட்டது.

தலைவரை அழைத்து அவளே சொன்னாள். தப்பித்துக்கொள்ள ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

"மாத்துங்க!"

"முடியாதுங்கய்யா. ஒரு சாண் ஆழம். வெட்டி எடுத்தா சுவரு பலம் போயிரும்னு பொறியாளர் சொல்லுதாரு."

"அப்பம் மேல பூசுங்க."

"பூசுனா சிறைங்கய்யா. உங்க தீர்மானம்."

"காலையில நான் நேர்ல வாரேன். அதோட உங்க தொழில் முடிஞ்சுது," என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை பவுலின் போனபோது சுவரடியில் கூட்டம் நின்றது. சிரிக்க வந்த கூட்டம் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள். பக்கத்தில் போனதும்தான் அது வரிசை என்று தெரிந்தது. கம்பி கட்டியவர்கள், கலவை போட்டவர்கள், பாறை இறக்கிய படகோட்டிகள் எல்லாரும் குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி, குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக அந்த எழுத்துகளுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

வரிசையில் முதலில் நின்ற பெண் பவுலினின் கையில் தன் கைப்பேசியைக் கொடுத்தாள். "ஒரு படம் எடுத்துத் தாங்கக்கா. நான் முத்துப்பேச்சி. ஒம்பது வருசம் இங்கன கம்பி கட்டுனேன். போன மாசம் நடந்த திறப்புவிழாவுக்குக்கூட எங்களைக் கூப்பிடல. இப்பம் பாருங்க, நம்ம பேரைப் போட இடம் விட்டு வச்சிருக்காவ!"

அவள் எழுத்துகளுக்குக் கீழே போய் நின்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சரியா நிக்கேனா?"

பவுலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அவள் வடிவமைத்த எந்த வரியும் இதுவரை யாருக்கும் இப்படிப் பொருந்தியதில்லை. "இடப்பக்கம் அரையடி நகருங்க. ஆங், அப்படியே நில்லுங்க. நிமிந்து பாருங்க!"

அவளுக்குப் பெருமையாக இருந்தது. இந்தப் பெருமைக்குத் தான் ஒன்றும் செய்யவில்லை என்பதும் தெரிந்தே இருந்தது. இருந்தாலும் படங்களை எடுத்துக்கொண்டே இருந்தாள். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று முப்பது பேருக்கு மேல் ஆனது.

கார் வந்து நின்றது. கருணைவேல் இறங்கி விறுவிறுவென்று நடந்து வந்தார். பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு நேராகப் போய், இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பது பவுலினைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது.

பாறை இறக்கிய படகோட்டி ஒருவர், தோளில் பேரப்பிள்ளையோடு காத்திருந்தவர், மரியாதையாகத்தான் சொன்னார்.

"அண்ணாச்சி, எல்லாரும் வெயில்ல நிக்கோம். வரிசை அந்தக் கடைசியில இருந்து ஆரம்பிக்கி."