ரூபினியின் மொட்டைப் பாத்தி

“மாரியாயி அக்கா, இன்னைக்கும் பருப்பு மட்டுந்தானா?”

முதலாம் தரத்தில் படிக்கும் சதீஸ்குமார் தட்டை நீட்டியபடி கேட்டான்.

“ஆமாண்டா ராசா. மாத்தளைச் சந்தையில மரக்கறி விக்கிற விலைக்குக் கிட்டப் போக முடியுதா?” என்றார் மாரியாயி அக்கா. பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு சமைப்பவர் அவர்தான்.

“அப்ப அது?”

சதீஸின் விரல் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நீண்டது. அங்கே பாடசாலைத் தோட்டம். கங்குன் கீரை முழங்கால் உயரத்துக்கு நின்றது. வெண்டிக்காயும் பயித்தங்காயும் தொங்கின. தோட்டத்தைச் சுற்றிக் கயிறு. நடுவில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் சிவப்பு எழுத்தில் இப்படி இருந்தது:

தோட்டத்தில் கை வைக்காதே.

“அது போட்டிக்குடா. பார்க்கலாம், பறிக்கக் கூடாது.”

சதீஸ் திரும்பி, வரிசையின் பின்னால் நின்ற தன் அக்கா சிவரூபினியைப் பார்த்தான். சும்மா பார்த்தான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஏனென்றால் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். வெயில் காலத்தில் அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் சுமந்தது முதலாம் தரத்துப் பொடியன்கள்தான். யோகட் கோப்பையில் பிடித்து வருவார்கள். பாதி, வழியிலேயே அவர்கள் காலுக்குப் போய்விடும். ஊற்றி முடித்ததும், “எப்பக்கா சாப்பிடலாம்?” என்று கேட்பார்கள். “வளரட்டும். முதல் கீரை உங்க தட்டுலதான்” என்று சொன்னவள் ஐந்தாம் தரத்து ரூபினி.

பிறகுதான் தோட்டப் போட்டி என்று செய்தி வந்தது. பாடசாலை அதிபர் கயிறு கட்டினார். மழையால் போட்டி தள்ளிப்போனது. பிறகு இன்னொரு முறையும் தள்ளிப்போனது. கயிறு மட்டும் அவிழவே இல்லை.

“ஹுஸ்னி, நான் அதிபர்கிட்ட கேட்கப் போறேன்” என்றாள் ரூபினி, பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழனிடம்.

“உனக்கென்ன பைத்தியமா? நான் வரமாட்டேன்.”

“நீ வர வேணாம். என் தட்டைப் பிடி.”

ஹுஸ்னி தட்டைப் பிடித்தான். பிடித்துக்கொண்டே பின்னால் வந்தான்.

அதிபர் விஜேந்திரன் சேர் தோட்டத்தில்தான் நின்றார். கையில் தடி. மதிலின் மேல் ஒரு குரங்கு. அதன் வாயில் நீளமான பயித்தங்காய்.

“ஏய்! போ! போ!”

“அதுக்குப் பலகையை வாசிக்கத் தெரியாது போல” என்றான் ஹுஸ்னி.

“யாரது?”

ஹுஸ்னி தட்டின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். ரூபினி முன்னால் வந்தாள்.

“சேர், குரங்கு திங்குது. நாங்க திங்கக் கூடாதா?”

அதிபர் தடியைக் கீழே போட்டார். “ரூபினி, என் அறையில கோப்பை வைக்கிற அலுமாரி இருக்கே, அதுல இப்ப என்ன இருக்கு தெரியுமா? பல்லி முட்டை. இந்த முறையாவது ஒரு கோப்பை வேணும்மா.”

“கங்குன் வெட்டினாத்தான் சேர் நல்லா வளரும். எங்க வீட்டுல அம்மா வெட்ட வெட்ட அது தழைக்குது. விட்டா தண்டு முத்திப் பூத்துடும்.”

“வெட்டினதெல்லாம் திரும்ப வளரும்னு நம்பக் கூடாது” என்று அதிபர் தம் வழுக்கைத் தலையைத் தடவினார்.

தட்டின் பின்னால் ‘க்ளுக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

“ஒரே ஒரு பாத்தி குடுங்க சேர். மதிலோரத்துப் பாத்தி.”

“கோப்பை போயிட்டா?”

“என்ன வேலை சொன்னாலும் செய்றேன்.”

“அப்ப, அந்தப் பலகைக்கு நீதான் பெயின்ட் அடிக்கணும். சரியா?”

“சரி சேர்!”

அன்றே மாரியாயி அக்கா கத்தியோடு இறங்கினார். மறுநாள் கீரை வந்தது. தேங்காய்ப்பூவும் கிள்ளிப்போட்ட மிளகாயுமாகச் சுண்டிய கீரை. சதீஸ் ஒரு வாய் தின்றுவிட்டுக் கத்தினான்: “இது நான் ஊத்தின தண்ணி!”

“இல்ல, நான் ஊத்தினது!” என்றது அடுத்த தட்டு.

ஆனால் பாத்தி? வெறும் குச்சிகள்தாம் நின்றன.

“மொட்டைப் பாத்தி! மொட்டைப் பாத்தி!” என்று பையன்கள் பாடினார்கள். ஹுஸ்னிகூட விடவில்லை. “ரூபினி, தேங்காய் எண்ணெய் தடவிப் பாரு. முடி வளரும்.”

“சிரி, சிரி. வளரட்டும், பேசிக்கிறேன்.”

தினமும் காலையில் மாரியாயி அக்காவிடம் அரிசி கழுவிய தண்ணீரை வாங்கி வந்து ஊற்றினாள். மண்ணைக் கிளறினாள். குனிந்து குனிந்து பார்த்தாள். ஒரு காலையில் குச்சியின் பக்கத்தில் மூக்குத்தி அளவு பச்சை தெரிந்தது. ஒரு தண்டை வெட்டிய இடத்தில் இரண்டு துளிர்!

“ஹுஸ்னி! இங்க வா! மொட்டைக்கு முடி வளர்ந்திருக்கு!”

ஹுஸ்னி பார்த்தான். மறுநாளிலிருந்து வாளியின் மறுபக்கத்தை அவன் பிடித்தான். கேட்டால், “சும்மா வந்தேன்” என்பான்.

வெட்டினார்கள், வளர்ந்தது. மறுபடி வெட்டினார்கள், மறுபடி வளர்ந்தது. கயிற்றுக்குள் இருந்த மற்றப் பாத்திகளோ முத்திப் பூத்துப் பழுத்தன. வெண்டிக்காயைத் தட்டினால் ‘டொக் டொக்’ என்றது.

கடைசியில் ஒரு நாள் தோட்டத்தைப் பார்க்கப் போட்டிக்காரர்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அதிபர் டை கட்டிக்கொண்டு வந்தார். மதிலோரத்தைப் பார்த்து நின்றுவிட்டார். தோட்டத்திலேயே பச்சையாக இருந்தது மொட்டைப் பாத்திதான்!

அந்த நேரம் பார்த்து மாரியாயி அக்கா கத்தியோடு வந்தார்.

“வேணாம், வேணாம்! இன்னைக்கு மட்டும் வெட்டாதீங்க! இருக்கிறதுலயே இதுதான் அழகா இருக்கு.”

“வெட்டினதாலதான் சேர் அழகா இருக்கு” என்றாள் ரூபினி.

“அவங்க பார்த்துட்டுப் போகட்டும். பிறகு வெட்டலாம்.”

சாப்பாட்டு மணி அடித்தது. போட்டிக்காரர்கள் வரவில்லை. முதலாம் தரம் தட்டுகளோடு வரிசையில் வந்து நின்றது.

“அக்கா, இன்னைக்குக் கீரை இல்லையா?” என்றான் சதீஸ்.

அதிபர் வீதியைப் பார்த்தார். ரூபினி தட்டுகளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“சேர், வரப்போறவங்க பசியோட வரமாட்டாங்க. இவங்க பசியோட வந்துட்டாங்களே?”

அதிபர் திரும்பினார். சின்னத் தட்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக. எல்லாம் அவரை நோக்கி நீண்டிருந்தன. அவர் டையைத் தளர்த்தினார்.

“வெட்டுங்க மாரியாயி. சீக்கிரம்.”

சுண்டிய கீரை தட்டில் விழவும், வாசலில் வேன் ஹோர்ன் அடிக்கவும் சரியாக இருந்தது.

வந்தவர் மஸீனா மிஸ். தோட்டங்களைப் பார்த்துப் புள்ளி போடுபவர். கயிற்றுக்குள் போய் ஒரு வெண்டிக்காயைப் பறித்து முறித்துப் பார்த்தார். முறியவில்லை.

“முத்திப் போச்சே. ஏன் சேர் பறிக்கல்ல?”

அதிபர் இருமினார்.

“இந்தப் பாத்தி ஏன் மொட்டையா இருக்கு? இதுல இருந்த கங்குன் எங்க?”

அப்போது வாய் நிறையச் சோற்றோடு சதீஸ் எழுந்து தட்டைத் தூக்கிக் காட்டினான்.

“இங்க இருக்கு மிஸ்! கொஞ்சம் என் வயித்துக்குள்ள இருக்கு!”

முதலாம் தரம் முழுவதும் தட்டைத் தூக்கியது.

மஸீனா மிஸ் சிரித்தார். சிரித்துக்கொண்டே பிள்ளைகளின் வாங்கில் இடம் பிடித்து உட்கார்ந்தார். “எனக்கும் ஒரு கரண்டி வைங்களேன், அக்கா.”

முடிவு வந்தது. மூன்றாம் இடம். மொட்டைப் பாத்திக்கு முழுப் புள்ளி, முத்திய பாத்திகளுக்கு முட்டை. கிடைத்த கோப்பை உள்ளங்கைக்குள் அடங்கியது.

“பருப்பு அளக்க நல்லா இருக்கும், குடுங்க சேர்” என்றார் மாரியாயி அக்கா. அதிபர் அதை அவசரமாக அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

பிறகு ரூபினியைக் கூப்பிட்டார். கயிறு அவிழ்ந்து கிடந்தது. அவர் கையில் ஒரு தூரிகையும் சிவப்புப் பெயின்ட் டின்னும் இருந்தன.

“முதலிடக் கோப்பை போச்சு. பேச்சு பேச்சுத்தான். பலகை எழுத்து மங்கிப் போச்சு, பெயின்ட் அடி.”

ரூபினி பலகையைப் பார்த்தாள். அதிபரைப் பார்த்தாள்.

“சிவப்பு வேணாம் சேர். வெள்ளை இருக்கா?”

“வெள்ளையா? எதுக்கு?” என்று கேட்டுக்கொண்டே போய் அவர் எடுத்து வந்தார்.

அவள் தூரிகையைத் தோய்த்து, கடைசிச் சொல்லின் பின்பாதியில் மட்டும் நிதானமாக ஒரு இழு இழுத்தாள். பிள்ளைகள் கூடிவிட்டார்கள். சதீஸ் எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தான்:

“தோட்டத்தில்... கை... வை!”

அதிபர் பலகையை இன்னொரு முறை வாசித்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முதல் ஆளாகப் பாத்திக்குள் இறங்கினார்.